குற்றாலலிங்கத்தின் வாளி

ஐந்து உருண்டைதான் வைப்பார். நாலாகக் குறைந்தால் குட்டி யானை என்று ஆட்களுக்குத் தைரியம் வந்துவிடுமாம். ஆறைத் தாண்டினால் கூட்டமே இறங்கியிருக்கிறது என்று பயந்து எவனாவது பத்திரிகைக்காரனுக்குப் போன் போட்டுவிடுவானாம். வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாதையில் வைத்து, ஒன்றை மட்டும் குதிகாலால் மிதித்து உடைப்பார். பிறகு தோளில் தொங்கும் பிளாஸ்கைத் திறந்து, கொதிக்கிற வெந்நீரை எல்லாவற்றின் தலையிலும் அபிஷேகம் போல ஊற்றுவார். மழைக்காலமானால் ஆவி பறக்கும். கோடையில் ஆவி தெரியாது, ஆனால் கையை வைத்தால் சுடும். பக்கத்துப் புதரில் நாலு ஈத்தை மூங்கில் கழிகளை ஒடித்துத் தொங்கவிட்டு, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். திருப்தியானால் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “ஆனை இப்பத்தான் போயிருக்கு, பாத்துக்கிடுங்க” என்று காட்டைப் பார்த்துச் சொல்வார்.

ஒத்திகை முடிந்தது என்று அர்த்தம்.

குற்றாலலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிற வழியில், மலை ஏறுமுன் பஸ் நின்று இளைப்பாறும் கல்லாற்றில், காட்டுக்குள் ஓர் அருவிக்குப் பாதை பிரிகிறது. அந்தப் பாதையின் வாசலில் வனத்துறைக் காவலாள். பதினாறு வருஷமாகத் தற்காலிகம். மாதக் கடைசியில் ரேஞ்ச் ஆபீசில் கையெழுத்து விழுந்தால் அடுத்த மாதமும் காவல் உண்டு, விழாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். காக்கிச் சட்டை கொடுத்திருக்கிறார்கள், காக்கிக் கால்சட்டை கொடுக்கவில்லை. ஆகவே இடுப்புக்கு மேலே அரசாங்கம், கீழே நாலு முழ வேட்டி. பிறந்தது போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில். அப்பா அம்மாவுக்குக் கடையம் பக்கம். அருவிக்கரைச் சாமியின் பெயரைச் சுமந்துகொண்டு, அருவியில் யாரையும் குளிக்க விடாமல் தடுப்பதே தொழிலாக அமைந்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவரும் குளிப்பதில்லை. கிணற்றுத் தண்ணீரைச் சூடாக்கி, அதிலும் பாதி குளியல்தான்.

அவர் வாயிலிருந்து “போகாதே” என்கிற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது எல்லாரிடமும் ஒரே வாசகம்: “போகாதீங்கன்னு நான் சொல்லல சாரே. பட்சே போனா திரும்பி வரணும், கேட்டோ.”

திரும்பி வருகிறார்களா என்று பார்க்க அவரே ஒரு சட்டம் போட்டிருக்கிறார். வாசலில் பலாமரத்தடியில் ஒரு நீளப் பலகை. உள்ளே போகிறவர்கள் செருப்பை அதில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பாறை வழுக்கும் என்பார். வனத்துறையின் எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு விதி கிடையாது. வருகிறவர்களோ செருப்பைக் கழற்றச் சொன்னதும் உள்ளே ஏதோ சாமி இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து வேனில் வந்த ஒரு மாமி, சங்கிலிக் கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நானே பார்த்தேன். லிங்கம் மறுக்கவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பலகைக்கு முன் நின்று மேலும் கீழும் பார்ப்பார். “பலகை காலின்னா காடு காலி” என்று சொல்லிக்கொண்டு சங்கிலியைப் பூட்டுவார்.

அந்த அருவிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் ஒரு கயம் இருக்கிறது. பார்த்தால் பரம சாது. முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரியும், குழந்தையைக் கூட இறக்கிவிடலாம் போலிருக்கும். ஆனால் மேலே மலையில் மழை கொட்டினால், இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கி வரும். ஐந்து நிமிஷத்தில் ஆள் உயரம். இதைச் சொல்லத்தான் பலகை பலகையாக எழுதி வைத்திருக்கிறார்கள். மலையாளத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. திருநெல்வேலி வேன்கள் அதிகமான பிறகு லிங்கமே பிரஷ் பிடித்துத் தமிழில் எழுதியது ஒன்று. அவற்றின் கதியைக் கேட்க வேண்டுமா? மலையாளப் பலகையில் ஈரத் துண்டு காயும். இங்கிலீஷ் பலகையின் மண்டையோட்டுக்கு யாரோ கரிக்கட்டையால் மீசை வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பலகையில் சாய்ந்து நின்று புதுமாப்பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், “அபாயம்” என்கிற எழுத்து தலைக்கு மேல் தெளிவாக விழும்படி.

மேலே மழை என்பது கீழே இருக்கிற இவருக்கு எப்படித் தெரியும்? பஸ்தான் சொல்லும். பொன்முடியிலிருந்து இறங்கி வரும் அரசாங்க பஸ் நின்றதும், பின்பக்க ஏணியில் தொற்றி ஏறிக் கூரையை ஒரு தடவு தடவுவார். கண்டக்டர்களுக்கு இது பழகிப்போய், அவர் இறங்கும்வரை விசில் கொடுப்பதில்லை. கை காய்ந்திருந்தால் பேசாமல் வந்து உட்காருவார். நனைந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வரும். கூரையில் பச்சை இலை ஒட்டியிருந்தால் அரை மணிதான், காற்றோடு கொட்டுகிறது என்று பொருள். ரேடியோவில் வானிலை கேட்பீர்களா என்று ஒருமுறை கேட்டு வைத்தேன். “அது நாளைக்குள்ள மழைய இன்னைக்குச் சொல்லும் சாரே. எனக்கு இன்னைக்குள்ளது இன்னைக்கே வேணும்” என்றார்.

நானும் அவருடைய உருண்டைக்குப் பயந்து ஓடியவன்தான், ஒளிப்பானேன். 1998 மழைக்காலம் விட்ட சமயம், எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து பன்னிரண்டு பேர் கிளம்பிப் போனோம். தலைவர் எங்கள் சூப்பிரண்டு ராமசுப்ரமணியன். ஆபீசில் ஃபைலைத் தொட யோசிப்பாரே தவிர, காட்டில் அவர் புலி. சங்கிலி போட்டிருக்கிறதே என்றேன். “சங்கிலி மாட்டுக்குய்யா” என்று குனிந்து உள்ளே போனார். பின்னாலேயே பதினொரு பேரும் குனிந்தோம். லிங்கம் செருப்புகளை வாங்கி அடுக்கினார். முக்கால் கிலோமீட்டர் போனதும் வளைவில் அந்தக் காட்சி. ஐந்து உருண்டை, ஆவி பறக்க. ஒடிந்து தொங்கும் ஈத்தை. ராமசுப்ரமணியன் எங்கள் எல்லாருக்கும் முன்னால் வாசலுக்கு வந்து சேர்ந்தார். செருப்பை மாட்டும்போது இடது வலது அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் ஆபீசில், யானையின் பிளிறலைக் கேட்டதாகவும் தாம்தான் கூட்டத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்ததாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதற்றத்தில் என் குடையை விட்டுவிட்டு வந்ததால்தான் குட்டு உடைந்தது. சாயங்காலம் மற்றவர்கள் ஆம்லெட் தின்றுகொண்டிருக்க, பயத்தை அடக்கிக்கொண்டு நான் மெல்லத் திரும்பிப் போனேன். வளைவில் குற்றாலலிங்கம் குந்தி உட்கார்ந்து, காட்டு யானை போட்டதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூடக் கூச்சப்படவில்லை. “நாளைக்கும் வேணும்லா சாரே” என்றார்.

பாலோடு பக்கத்தில் ஒரு மரமில் முதலாளிக்கு மணியன் என்று ஒரு யானை உண்டு. வாரநாளில் வெட்டுமரம் இழுக்கும், திருவிழாக் காலத்தில் கோயில்களுக்கு வாடகைக்குப் போகும். அதன் பாகன் வேல்சாமி இவருக்குச் சிநேகிதர். திங்கட்கிழமைதோறும் ஒரு வாளி, ரேஷன் மாதிரி வந்துவிடும். (இதைப் படித்துவிட்டு யாரும் அங்கே போய் உருண்டையைக் குச்சியால் குத்திப் பார்க்க வேண்டாம். நிஜ யானையும் அந்தக் காட்டில் இருக்கிறது. எது யாருடையது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது.)

முதலில் எனக்கு இது வெறும் குறும்பாகத்தான் பட்டது. அங்கே அடிக்கடி போய்வரத் தொடங்கிய பிறகு ஒருநாள், கூட்டமில்லாத புதன்கிழமையில், அவர் காரணத்தைச் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, செருப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1994இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். பஸ் கூரை நனைந்து வந்தது. இவர் கயத்துக்கு ஓடிப் போய் மேலே மழை, கரையேறுங்கள் என்று கத்தினார். எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். ஒருவன் இவர் மேல் தண்ணீரை வாரி அடித்தான். தண்ணீர் வந்தபோது எல்லாரும் எப்படியோ ஏறிவிட்டதாகத்தான் நினைத்தார்கள். ஐந்து மணிக்குப் பலாமரத்தடியில் நீலவாரு வைத்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மிச்சமிருந்தது. கூட வந்த பையன்கள் மாற்றி மாற்றித் தங்களை எண்ணினார்கள். செருப்புக்காரனை மூன்றாம் நாள் கீழே ஒரு பாலத்தடியில் எடுத்தார்கள். காலேஜில் படிக்கிற பையன்.

“மழை பெய்யிது மழை பெய்யிதுன்னு தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தனும் கேக்கல. அதே நாளு, அந்தப் பக்கத்து வழியில நெசமாவே ஆனை வந்து அஞ்சு பிண்டம் போட்டுட்டுப் போயிருந்துது. அது ஒரு சத்தமும் போடல. அந்த வழியா வந்த எல்லாரும் கேட்டுட்டாவ.”

அதற்குப் பிறகுதான் வாளி.

இவருடைய மனைவி உலகம்மாளுக்கு பஸ் நிற்குமிடத்தில் டீக்கடை. பிளாஸ்கில் போகும் வெந்நீர் அந்தக் கடை பாய்லரில் கொதித்ததுதான். கொடுக்கும்போதெல்லாம் ஒரு அர்ச்சனையும் கூடக் கிடைக்கும். “ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டு வாரான். இவுக வாளியில கொண்டு வாராக” என்று வாடிக்கைக்காரர்களிடம் முறையிடுவார். ஆனால் கொடுக்காமல் இருந்ததில்லை. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பயந்து திரும்புகிற ஆட்களுக்கு அகோரப் பசி எடுக்கும். ஒருவர் இரண்டு ஆம்லெட் கேட்பார், யானையைத் தாம் பார்த்த விதத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று டீ இறங்கும். யானை வந்த நாளில் உலகம்மாள் கடையில் முட்டை மிஞ்சாது. இது பக்கத்துக் கடைகளின் கண்ணை உறுத்தியது.

போன வருஷம், 2003 மார்ச்சில், ரேஞ்ச் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதாசு போனது. மனைவியின் கடையில் வியாபாரம் கொழிக்க வேண்டும் என்று காவலாள் வாரம் தவறாமல் யானைப் பீதி கிளப்புகிறார், விசாரிக்கவும். எழுதியது யார் என்று கல்லாறு முழுவதற்கும் தெரியும். யாரும் சொல்லமாட்டார்கள்.

ரேஞ்சர் புதிதாக வந்தவர். அஜிதா மேடம். முப்பது வயதுதான் இருக்கும். பாலக்காட்டுப் பக்கம், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுவார். முறையாகப் படித்துப் பாசாகி வந்தவர், காட்டைப் பற்றி ஏட்டில் உள்ளதெல்லாம் அத்துப்படி. சித்திரை விஷுவுக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். அன்றைக்குப் பார்த்து பஸ் கூரை நனைந்து வந்து, லிங்கம் தன் கைவேலையை முடித்து, கூட்டமெல்லாம் திரும்பி உலகம்மாள் கடையில் ஆம்லெட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. நானும் அதில் ஓர் ஓரத்தில் டீக்கிளாஸோடு இருந்தேன். யானை வந்த இடத்தைக் காட்டச் சொன்னார் மேடம். லிங்கம் முன்னே போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, பின்னாலேயே போனேன்.

மேடம் உருண்டைக்கு முன் குந்தினார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு. லிங்கத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நான் அவரைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தேன். பிறகு மேடம் ஒரு குச்சியை எடுத்து உருண்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். எங்கே பார்த்தாலும் ஓலை நார். இந்தக் காட்டில் யானைக்கு ஈத்தைதான் தீனி, ஓலைக்கு எங்கே போயிற்று என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இன்னொன்றைப் பிரித்தார். குச்சியின் நுனியில் எதையோ தூக்கிக் காட்டினார். வாழைநார். அதில் வரிசையாக முடிச்சு. ஒரு முடிச்சில் வாடிப்போன செவ்வந்தியின் காம்பு கூட மிச்சமிருந்தது.

“இந்தக் காட்டானைக்கு மாலை போட்டது யாரு, லிங்கம் சேட்டா?”

லிங்கம் யோசித்தார். “மேலே ஒரு கோயில் உண்டு மேடம்” என்று ஆரம்பித்தார். மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அந்தக் கோயிலைக் கட்ட அவரால் முடியவில்லை. மரமில், மணியன், வேல்சாமி எல்லாம் வெளியே வந்தன. போன வாரத் திருவிழாவில் மணியன், பக்கத்தில் நின்ற யானையின் மாலையை உருவித் தின்றுவிட்டதாம். தின்றது மணியன், மாட்டிக்கொண்டது இவர்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளியில் உள்ளதைக் குழி தோண்டி மூட வேண்டும் என்றார். அரசாங்கக் காவலாள் பொய் சொல்லி மக்களை விரட்டுவது குற்றம், சொல்ல வேண்டியதை எழுதி வைத்திருக்கிறோம், பலகை, சங்கிலி, விசில், அவ்வளவுதான் என்றார். கடைசியாகக் கடிதத்தைப் பற்றியும் சொன்னார். மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறதாம். இவரை நம்பினால், இவருடைய பொய்யையும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கிறதே என்றார். ஜீப் போய் இருபது நிமிஷம் கழித்துக் கயத்தில் தண்ணீர் செம்மண்ணாக இறங்கியது. பார்க்க யாரும் இல்லை. ஆள் இல்லாத கயத்தில் தண்ணீர் வந்ததை யாரிடம் போய்ச் சாட்சி சொல்வது?

எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அந்த நீலவாரு செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று சண்டை பிடித்தேன். அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது சொல்லிக் கையெழுத்து வாங்குத காரியமில்ல சாரே.”

விஷுவுக்கு மறுநாள் கல்லாற்றில் திருவிழாக் கூட்டம். லீவு, வெயில், புதுத்துணி, கூடவே மிச்சமான பாயசம். விதியை விதியாக நடத்துவது எப்படி என்று காட்ட மேடமே வந்துவிட்டார், கையில் ஒலிபெருக்கி, இரண்டு பக்கமும் இரண்டு ஃபாரஸ்ட் கார்டு. லிங்கம் கழுத்தில் விசிலோடு பலகைக்குப் பக்கத்தில் நல்ல பிள்ளையாக நின்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டமெல்லாம் வெளியே வந்திருந்த நேரம், இரண்டு மணி பஸ் வந்தது. ஏணியில் தொற்றி ஏறினார். இறங்கி வந்து மேடத்திடம் கையை விரித்துக் காட்டினார். ஈரக் கையில் ஒரு பச்சை இலை.

மேடத்துக்கு விஷயம் புரிந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். உடனே சங்கிலியைப் போடச் சொல்லி ஒலிபெருக்கியை எடுத்தார். மேலே கனமழை, தண்ணீர் வருகிறது, அருவி மூடப்பட்டது என்று மலையாளத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். கூட்டம் மொத்தமாக ஆகாயத்தைப் பார்த்தது. ஒரு மேகம் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆள், டிக்கெட் காசு திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றதும், அப்படியானால் மழையும் வராது என்று சொல்லிச் சங்கிலிக்கு அடியில் குனிந்தார். அவர் குடும்பம் குனிந்தது. அவர் வேன் குனிந்தது. கார்டுகள் இருவரும் இரண்டு பேரைப் பிடிப்பதற்குள் இருபது பேர் உள்ளே போய்விட்டார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஓடுகிற அவசரத்திலும் செருப்பை எல்லாரும் ஒழுங்காகப் பலகையில் விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மேடம் திரும்பத் திரும்ப ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். லிங்கம் விசில் ஊதவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சின்னச் சின்னச் செருப்புகளும் இருந்தன. ஒன்று நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும் வகை. என்ன பார்க்கிறீர்கள் என்று மேடம் எரிச்சலோடு கேட்டார்.

“இருபத்திமூணு ஜோடி உள்ளே போயிருக்கு மேடம். ஒரு வாட்டி இதே மாதிரி ஒரு ஜோடி பாக்கி ஆயிட்டு.”

அவ்வளவுதான் சொன்னார். மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்புகளைப் பார்த்தார். ஒலிபெருக்கியைக் கார்டிடம் கொடுத்தார்.

“வாளி எங்கே?” என்றார், மெதுவாக.

லிங்கம் நெளிந்தார். மேடம் சொன்னபடி எல்லாவற்றையும் குழி தோண்டி மூடிவிட்டதாகவும், செவ்வரளிக்கு உரமாக மட்டும் ஒரு வாளி கடைக்குப் பின்னால் எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். செவ்வரளிக்கு எத்தனை உருண்டை என்று மேடம் கேட்டார். ஐந்து என்றார் லிங்கம். நாங்கள் கடைக்குப் பின்னால் போவதற்குள், உலகம்மாள் வாளியையும் பிளாஸ்கையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

கடைக்குப் பின்னாலிருந்து ஓடையோரமாக ஒரு குறுக்குப் பாதை. ஐம்பத்திரண்டு வயது மனிதர் வாளியோடு அதில் ஓடினார் பாருங்கள், வேட்டியை வாரிக் கட்டிக்கொண்டு! மேடமும் ஒரு கார்டும் நானும் நேர்ப்பாதையில் விரைந்தோம். கயத்துக்கு முந்தின வளைவில் கூட்டம் நின்றிருந்தது. நடுவில் ஐந்து உருண்டை. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள். கறுப்புக் கண்ணாடி மட்டும் அசையவில்லை. தன் மாமனாருக்கு எஸ்டேட் உண்டு, இதெல்லாம் தான் எத்தனையோ பார்த்தாயிற்று, இது நாள்பட்டது என்று விளக்கம் சொல்லிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு குனிந்தார். புதருக்குப் பின்னால் லிங்கத்தின் காக்கிச் சட்டைத் தோள் அசைவற்றுத் தெரிந்தது.

மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்த ஆளின் கையிலிருந்து குச்சியை வாங்கினார். உருண்டைக்கு முன் குந்தினார். உள்ளங்கையை வைத்தார். ரேஞ்சர் என்ன சொல்லப்போகிறார் என்று இருபத்திமூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். குச்சியால் ஓர் உருண்டையைப் பிரித்தார். நான் பார்த்துவிட்டேன். வாழைநார், முடிச்சு முடிச்சாக. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு அந்த ஆளும் எட்டிப் பார்த்தார். அதற்குள் மேடம் அதைக் கையோடு வாரி மூடிக்கொண்டு எழுந்தார்.

“பத்து நிமிஷம் கூட ஆகல,” என்றார். “கொம்பன். தனியா வந்திருக்கு.”

மாமனாரின் எஸ்டேட் முதலில் ஓடியது. மற்றவர்கள் பின்னால். நாங்கள் வாசலுக்கு வந்தபோது செருப்புக்காக அங்கே ஒரு சின்ன யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அது ஓய்வதற்குள் காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இரைச்சல் முதலில் லேசாகத்தான் இருந்தது. பிறகு கல்லோடு கல் உருளும் ஓசை. சாலைப் பாலத்தடியில் ஓடிய தெளிந்த தண்ணீர் எங்கள் கண்முன்னே செந்நிறமானது, அடிமரங்களைப் புரட்டிக்கொண்டு போனது. கீச்சுச் செருப்புக் குழந்தை பாலத்துச் சுவரில் எக்கி நின்று அதைப் பார்த்துக் கைதட்டியது. அதன் அம்மா அதை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவள் மேடத்தைப் பார்த்தாள். யானை வந்தது நல்லதாகப் போயிற்று என்றாள். ஆமாம் என்றார் மேடம்.

ஐந்து மணிக்கு லிங்கம் பலகைக்கு முன் நின்றார். மேலும் கீழும் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன், சொல்லத் தெரியாத ஒரு நிம்மதி எனக்கும் வந்தது. மேடம் டிக்கெட் மேஜையில் உட்கார்ந்து ரெஜிஸ்டரை இழுத்தார். இடது கையாலேயே பக்கத்தைப் புரட்டினார். மாதக் கடைசியில் கையெழுத்து வாங்க வந்துவிட வேண்டும், லேட்டாக வரக்கூடாது என்று தலை நிமிராமல் சொன்னார். பேனா பிடிக்க வேண்டியிருந்ததால்தான் அந்த வலது கையைத் திறந்தார். அதில் கசங்கிப்போன வாழைநார் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறி ரெஜிஸ்டரின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுதினார்: யானை நடமாட்டம். வழி அடைக்கப்பட்டது.

குற்றாலலிங்கம் அந்த நாரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் ஓரத்தில் வாளி இருந்தது, வளைவிலிருந்து திரும்பி வந்த உருண்டைகளோடு. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து மெல்லப் பிரித்து, அரிசியில் கல் பார்ப்பது போல விரலால் தடவித் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.